தொட்டுப் பார்க்க ஒரு முகம்

அப்பா சாப்பிட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் மட்டும் இறங்கியது, அதுவும் அம்மா தம்ளரை உதட்டில் வைத்து மல்லுக்கட்டினால்.

எல்லாம் அந்தப் பெட்டி வந்த அன்று தொடங்கியது. கப்பலின் எஞ்சின் அறையில் தீ; மூத்தவன் வேலை பார்த்தது அங்கேதான். உடலைத் தகரப் பெட்டியில் முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள், திறக்கக் கூடாது என்ற கடிதத்தோடு. பார்வையில்லாத அப்பா அதைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தடவினார். விரல் முட்டியால் தட்டிக் கேட்டார்.

"இது வெறும் பெட்டி. என் பிள்ளைய நான் தொட்டுப் பாக்கல. தொடாம எப்படி நம்பச் சொல்றீங்க? அவன் வரட்டும், சேந்து சாப்பிடுறேன்."

பெட்டி மண்ணுக்குள் போன பிறகும் அதே பேச்சுதான். "சர்க்கரைக்காரர், பட்டினி தாங்காது. இன்னும் ரெண்டு நாள் போனா என் கையில ஒண்ணும் இல்ல," என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டால்தானே நம்புவார், தொடக் கொடுத்தால் என்ன என்று சின்னவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயமாகவும் இருந்தது. அவளுக்கு எதிலும் ஒருமுறைக்கு மூன்று முறை சரிபார்த்தால்தான் கை ஓடும். ஆனால் அட்டை அவளுக்குத் தெரிந்த பொருள். அவள் வேலை பார்த்தது அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில். படத்திலிருந்து உருவம் எடுத்து, அந்த உருவத்தைத் தோலுரித்தாற்போலத் தட்டையாக விரிக்கும் கணினி வேலையை மாலை வகுப்பில் படித்திருந்தாள். இதுவரை செய்தது ஒரு வாத்து மட்டும். அதற்கும் கழுத்து கோணல்.

அண்ணனின் படங்கள் முப்பத்தொன்று கிடைத்தன. மங்கியதைக் கழித்து ஒன்பதை எடுத்தாள். எட்டில் நேர்முகம். பக்கவாட்டில் ஒன்றே ஒன்று, அதிலும் யாரோ கூப்பிட்டுத் திரும்புகிறான். புருவத் தழும்பு சில படங்களில் வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். அவனே செல்போனில் எடுத்துக்கொண்டவை கண்ணாடிபோல இடம் மாறியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். இந்த ஒரு தப்பிலிருந்தாவது தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

தலை நாற்பத்தாறு துண்டுகளாக விரிந்தது. தடித்த வெள்ளை அட்டையில் அச்செடுத்து, மை தீர்ந்த பேனாவால் மடிப்புக்கோடுகளை அழுத்தி, ஓரத்தில் பசை தடவும் நாக்குகளுக்கு எண் போட்டாள். ஒட்டும் வேலைக்குப் பக்கத்து மேசைக்காரி வந்து உட்கார்ந்தாள். பட்டறையில் அவள் பெயர் பசை அக்கா. விரல்நுனியில் பசை காயாத நாளே கிடையாது.

"மதியச் சாப்பாட்டையும் விட்டுட்டியா? வீட்டுல ஒருத்தர் பட்டினி கிடக்கிறது போதாதுன்னு?"

"பதினேழாவது துண்டு எங்கக்கா?"

"உன் முழங்கைக்கு அடியில. கண்ணு முன்னாடி இருக்கிறது உனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?"

ஐந்தாம் நாள் காலையில் தலையைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மா பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அச்சு அசல் அவன்தான். அம்மாவே அப்படி நின்றதும் சின்னவளுக்கு உயிர் வந்தது. நாற்காலியில் இருந்த அப்பாவின் மடியில் அதை வைத்தாள்.

"அப்பா, தொட்டுப் பாருங்க."

விரல்கள் மெல்ல ஏறின. தாடை, உதடு, மீசை மேடு, மூக்கு, புருவம், தழும்பு. ஒருமுறை சுற்றிவந்து, நம்பாமல் மறுபடியும் சுற்றின.

"யாரும்மா இது?"

"அண்ணன்பா."

"இந்த மூக்க நான் கண்டதில்ல. எனக்குப் பார்வை போறப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு, மூக்கு சுண்டைக்காய் மாதிரி இருக்கும். மீசை முளைச்ச பிள்ளை முகத்த எந்த அப்பன் தடவிப் பாக்குறான்? யாரோ ஒருத்தன் தலையக் கொண்டாந்து என் மடியில வச்சிருக்க."

சின்னவள் தலையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். மூன்று முறை சரிபார்த்தவள், யாருக்காகச் செய்கிறோம் என்பதை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. கண்ணுள்ளவள் கண்ணுள்ளவர்களுக்குச் செய்வதைப்போலச் செய்திருந்தாள்.

"பெரியவனானப்புறம் எனக்குத் தெரிஞ்சவன் இந்தக் கைக்குள்ள இருந்தவன்தான்," என்று அப்பா நாற்காலியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்தார். இடக்கையை முன்னால் நீட்டினார். உள்ளங்கை கவிழ்ந்து, விரல்கள் வளைந்து, கை காற்றில் எதையோ பற்றிக்கொண்டு நின்றது. பதினோரு வருடம் அண்ணனின் வலது தோளைப் பிடித்துத்தான் அவர் தெருவில் நடந்தார்.

சின்னவள் பென்சிலை எடுத்து, அந்தக் கையின் உயரத்தைச் சுவரில் குறித்தாள்.

படங்களைத் திரும்பப் புரட்டினாள். பெரும்பாலானவற்றில் தோள் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. தோள் சட்டத்துக்குள் அடங்கியவை இரண்டு, இரண்டிலும் அதை அப்பாவின் கை மூடியிருந்தது. அந்தக் கையையே அளவுகோலாக்கினாள். அப்பா அயர்ந்து தூங்கியபோது நான்கு விரல்களையும் சேர்த்து அளந்தாள். எட்டரை சென்டிமீட்டர். அதை வைத்துப் படத்தில் இருந்த தோளின் அகலத்தைக் கணக்கிட்டாள். சரிவுக்கு அண்ணனின் பழைய சட்டையை விரித்துத் தையலை அளந்தாள். பை சுமந்து சுமந்து வலப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"தலைக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆச்சு, தோளுக்கு ஒரே ராத்திரியா? அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதுடி," என்றாள் பசை அக்கா. சொல்லிக்கொண்டே நாக்குகளுக்குப் பசை தடவினாள்.

ஆறாம் நாள் மதியம், பெரிய அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பென்சில் குறி வரைக்கும் அடுக்கி, உச்சியில் தோளைப் பொருத்தி, மேலே சட்டையை மாட்டினாள். அப்பாவை எழுப்பி நிறுத்த அவளும் அம்மாவும் இருபுறமும் தாங்க வேண்டியிருந்தது. அவரது இடக்கையைப் பிடித்துத் தோளில் வைத்தாள்.

கை அங்கே போய் அடங்கியது. பெருவிரல் பின்பக்கம், மற்ற நான்கும் முன்பக்கம். அப்பாவின் முகத்தில் இறுக்கம் விட்டது.

"வந்துட்டியா," என்றார். "மெதுவாப் போடா. எனக்குக் காலு ஓடல."

அடுத்த நொடி நடப்பதற்காக உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டார். மளுக்கென்று தோள் நசுங்கியது. பெட்டிகள் சரிந்தன. அம்மா இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டாள். அப்பாவின் கையில் சட்டை மட்டும் இருந்தது. அதைக் கசக்கினார், உள்ளே துழாவினார். உடைந்த அட்டையின் முனை விரலில் குத்தியது.

"உள்ள யாருமில்ல," என்றார். சட்டையை இன்னொரு முறை தடவி, "இல்லையா அவன்?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

அப்பா அழுதார். பெட்டி வந்ததிலிருந்து அழாத மனிதர், சட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அம்மாவும் அழுதாள். சின்னவள் சரிந்த பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். தான் செய்தது நல்லதா பாதகமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வெகுநேரம் கழித்து அப்பா இடக்கையை நீட்டினார், சுவரில் குறித்த அதே உயரத்தில். கை வெறும் காற்றைப் பிடித்தது. சின்னவள் ஓடிப்போய் அதற்கடியில் நின்று குதிகாலை உயர்த்தி எக்கினாள். அப்படியும் இரண்டு விரற்கடை எட்டவில்லை.

கை தானே கீழே இறங்கி அவள் தோளைத் தேடிப் பிடித்தது.

"குதிகாலக் கீழ வை," என்றார் அப்பா. "ரெண்டு பேரும் விழுந்துடப் போறோம். அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போ."