டெல்ஃபின் தட்டிக் கழற்றிய பலகைகள்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது, பொய் என்னுடையது. அமெரிக்காவின் வெர்மாண்டில் எங்கள் ஊர் ஆண்டு மலருக்கு, கூரை போட்ட மரப்பாலத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதி, 'இதை நேசிக்காதவர் இவ்வூரில் இல்லை' என்று முடித்திருந்தேன். மலர் வந்த மறுநாள் டெல்ஃபின் திபோ, மாட்டுத் தொழுவத்து ரப்பர் பூட்ஸோடு என் வாசலில் நின்றாள்.

"அப்போ நான் இந்த ஊர்ல இல்லையா?" என்றாள்.

(நேரில் 'நீங்கள்' என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள்.)

2
முதல் வரைவு: 'நூற்று நாற்பது ஆண்டுகளாக ஆற்றின்மேல் அமைதியாக' – வேண்டாம். டெல்ஃபினின் கதை அவள் கணவன் ஆர்மண்டிடம் தொடங்குகிறது.

ஒரு பனிக்கால மதியம் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. அக்கரையிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் மரப்பாலத்து வாசலில் நின்றுவிட்டது. மூன்று டன்னுக்கு மேல் அதில் ஏறக்கூடாது. ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள இரும்புப்பாலம் வழியாக ஒன்பது மைல் சுற்றி வந்து சேர்ந்தபோது ஆர்மண்ட் போய்விட்டிருந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும், அதை இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்லி டெல்ஃபின் எழுந்து நிற்பாள். பாலத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆரின் பெல்கி எதிர்த்துப் பேசுவார். இருவருக்கும் பேச்சுவார்த்தை அதோடு சரி.

3
ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. தண்ணீர் பாலத்தின் தளத்தைத் தொட்டபோது, ஆரின் அவள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தார். அக்கரையிலிருந்து யாரும் வர முடியாது. பக்கவாட்டுப் பலகைகளைத் தட்டி எடுத்துவிட்டால் தண்ணீர் ஊடே போய்விடும், இல்லையென்றால் பாலத்தையே தூக்கிக்கொண்டு போகும் என்றார். அவருக்கு எழுபத்தாறு வயது, தனியாக முடியாது.

டெல்ஃபின் சம்மட்டியை எடுத்துக்கொண்டாள். பாலத்துக்குள் பாதி தூரம் போனதும் தளம் குலுங்கத் தொடங்கியது. ஆரினைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ கரைக்குப் போ. ரெண்டு பேரும் போய்ட்டா என் மாட்ட யார் கறப்பா?"

நாற்பத்தொரு பலகைகள். உள்ளிருந்து ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளினாள். பழுப்பு நீர் ஒரு பக்கம் நுழைந்து முழங்கால் வரை ஏறி மறுபக்கம் கொட்டியது. பாலம் கோணிக்கொண்டது. ஆனாலும் நின்றது.

4
நான் எழுதியது: 'கடைசிப் பலகை விழுந்தபோது அவள் பாலத்தை மன்னித் –'

டெல்ஃபின் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள்.

"மன்னிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது பிச்சிக்கிட்டுப் போனா கீழ இரும்புப்பாலத்துல போய் மோதும். ஆம்புலன்ஸ் வர்றதே அது வழியாத்தான்."

நம்பினேன். (ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு சோளக்கொல்லையில் சிதறிக் கிடந்த பலகைகளைப் பொறுக்கி, தன் கொட்டகையில் அடுக்கி வைத்ததும் அவள்தான். கேட்டதற்கு, ஆணி மாட்டுக் காலில் ஏறும் என்றாள்.)

5
மார்ச் மாத ஊர்க்கூட்டம். பாலத்தைச் செப்பனிடுவதா, இடிப்பதா என்று சீட்டு வாக்கு. மரப்பாலம் மூன்று வாக்கு வித்தியாசத்தில் தப்பியது, இன்றும் நிற்கிறது. அவள் சீட்டில் என்ன இருந்தது என்பதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். இரண்டும் நன்றாகவே வந்திருந்தன. காட்டினேன். இரண்டையும் கிழிக்கச் சொன்னாள், கிழித்துவிட்டேன்.

நான் பார்த்தது இவ்வளவுதான்: சுவர்ப்பக்கம் திரும்பி எழுதினாள், நான்காக மடித்தாள், பெட்டியில் போட்டாள். எண்ணத் தொடங்குமுன் கறவை நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

அந்தச் சீட்டை இனி நீங்கள்தான் எழுத வேண்டும்.