பாலத்தில் இடதுபக்கம்

ஆவடியில் பேய் கிடையாது என்பதை அறிவியல் முறைப்படி நிரூபித்த முதல் மனிதன் பாஸ்கரன். நிரூபித்த விதம் எளிமையானது: மூன்று வருடமாகக் கல்லூரியில் பௌதிகம் படிக்கிறான், இதுவரை ஒரு பேயும் எதிரில் வந்ததில்லை. இந்த முடிவைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் எல்லா பிளாக்குகளுக்கும் அவனே நேரில் போய்த் தெரிவித்திருந்தான்.

ஆகவே தொண்ணூற்றொன்று மார்கழியில் ஒரு ஞாயிறு விடியலில், ஓட வந்தவர்களிடம் ஃபோர்மேன் சண்முகசுந்தரம் அந்த விதியைச் சொன்னபோது சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

ஓட்டம், கேன்டீன் நாகம்மாளின் மகள் கஸ்தூரிக்காக. ஒன்பது வயது; இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாய்ந்துவிடும். பூந்தமல்லி போய்த் திரும்புகிறவர்களின் அட்டையில் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஆளுக்கொரு தொகை எழுதியிருந்தார்கள். முழுதாக ஓடினால்தான் பணம். வழியில் உட்கார்ந்தால் அட்டை செல்லாது. வாய் இருந்ததால் நிறையப் பேரிடம் எழுதி வாங்கிய பாஸ்கரன் அட்டைதான் ரொம்பக் கனம். அது செல்லாமல் போனால் ஆபரேஷன் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். கஸ்தூரிக்கு அந்த வருடம் உண்டா என்று டாக்டர் சொல்லவில்லை.

"கூவம் பாலத்துல மட்டும் இடதுபக்கத்தக் காலியா விட்டு ஓடுங்கப்பா," என்றார் சண்முகசுந்தரம். "ராயப்பன் வருவான்."

ராயப்பன் வெல்டர். இரண்டு வருடம் முன்பு, இதே குழந்தைக்காக நடந்த முதல் ஓட்டத்தில், திரும்பி வரும்போது அந்தப் பாலத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். எழவில்லை.

"ஒதுங்கி வழி விட அவர் என்ன பல்லவன் பஸ்ஸா சார்?"

"கம்முனு கீறியா மாமே," என்று இடித்தான் கூட ஓடவிருந்த எட்மண்ட். "காலங்காத்தால வாய வெச்சுகினு."

போகும்போது பாலத்தில் பாஸ்கரன் வேண்டுமென்றே இடதுபக்கம் ஓடினான். "ராயப்பண்ணே, சைடு ப்ளீஸ்!" என்று கையை ஆட்டினான். பனிமூட்டத்திலிருந்து பதில் வரவில்லை. அறிவியல் வென்றது.

பூந்தமல்லியில் எட்மண்டுக்குக் கணுக்கால் பிசகியது. அவனை பஸ் ஏற்றிவிடுவதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"தனியாவா போற மச்சான்?"

"பௌதிகம் கூட வருது. நீ போ."

காடுவெட்டி தாண்டியதும் பின்னால் காலடி கேட்டது. கேன்வாஸ் ஷூ. நாலடிக்கு ஒருமுறை லேசாக இழுத்தது. பாஸ்கரன் நின்றான். காலடி இன்னும் இரண்டு எட்டு வந்து நின்றது. திரும்பினான், பால்மாதிரிப் பனி, வேறு ஒன்றுமில்லை.

"எதிரொலி," என்று உரக்கவே சொன்னான்.

எதிரொலிக்குச் சுவர் வேண்டும். இரண்டு பக்கமும் வயல். தவிர, எதிரொலி இருமாது.

பாலத்துக்கு வந்ததும் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. வலியில் கண் இருட்ட, இடதுபக்கக் கைப்பிடிச் சுவரில் உட்காரப் போனான். சுவருக்கும் அவனுக்கும் ஒரு சாண் இருக்கும்போது நீலகிரித் தைலம் வாசனை அடித்தது. ராயப்பன் முழங்காலில் அப்பிக்கொண்டு ஓடுவாரே, அந்தத் தைலம். காலடி அவன் முதுகுக்குப் பின்னால், இடதுபக்கமாக, வந்து நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள். பயமுறுத்துகிற மூச்சு இல்லை. முன்னால் ஒருவன் வழியை மறித்து நிற்க, கேட்கக் கூச்சப்பட்டுக் காத்திருக்கிறவரின் மூச்சு.

ராயப்பனின் அட்டையும் இரண்டு வருடமாகச் செல்லாமல்தான் கிடக்கிறது என்று பாஸ்கரனுக்குத் தோன்றியது. முந்தின நாள் கஸ்தூரி, "நெசமா நடுவுல ஒக்கார மாட்டியேண்ணா?" என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. அப்போது அதற்கும் ஏதோ ஜோக்கடித்திருந்தான்.

அவன் உட்காரவில்லை. நொண்டிக்கொண்டே கிளம்பினான். நொண்டக்கூடாது என்று விதி இல்லை. காலடியும் கிளம்பியது, அவன் தடுமாறினால் அதுவும் வேகத்தைக் குறைத்தது. பருத்திப்பட்டு வந்தது, வீடுகள் வந்தன, பால்காரர்கள் வந்தார்கள். ஒரு தடவைகூட அவன் இடதுபக்கம் பார்க்கவில்லை.

குவார்ட்டர்ஸின் பெரிய கேட் ஞாயிற்றுக்கிழமை சாத்தியிருக்கும். அதிலுள்ள சின்னக் கதவு மட்டும் திறந்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் குனிந்து நுழையலாம். உள்ளே சண்முகசுந்தரம் ரப்பர் ஸ்டாம்போடு நின்றார். ஸ்டூலில் கஸ்தூரி. பக்கத்தில், பஸ்ஸில் முன்னமே வந்துவிட்ட எட்மண்ட்.

"வந்துட்டான் சார்! இன்னா மாமே, தனியாவா வந்துகினே?"

பாஸ்கரன் கதவுக்கு ஓரடி முன்னால் நின்றான்.

"அங்க இன்னாடா நின்னுகினு கீற? உள்ள வாடா!"

பாஸ்கரன் வலதுபக்கம் ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டான். தைலம் வாசனை அவனைக் கடந்து உள்ளே போகும்வரை காத்திருந்தான். பிறகு தலை குனிந்து நுழைந்தான்.