நாற்பத்தோராவது வரி

பட்டியலின் ஒன்பதாவது வரியில் இருந்த பிறந்த ஆண்டைச் செய்லாலா மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். 1948. அப்பா பிறந்தது 53-ல். பெயர் லெவாவேகா, ஊர் சலெவாய், எல்லாம் சரிதான், ஆள் வேறு. நேற்று மாலை அந்த வரியைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டதென்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மணி பதினொன்றே கால். கண் மருத்துவர்கள் ஆண்டுக்கு ஒரே வாரம்தான் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவுக்கு வருவார்கள். நாற்பது பேருக்குக் கண்புரை அறுவை, அதற்கு மேல் ஒருவருக்கும் கிடையாது. அந்த நாற்பது பேரின் பட்டியலைப் பன்னிரண்டு மணிக்கு வானொலியில் வாசிப்பார்கள். ஊர் ஊராக நர்ஸுகள் அனுப்பிய கோப்பிலிருந்து அவர்களைப் பொறுக்கி, பார்வை மிக மோசமானவர் மேலே வரும்படி அடுக்கும் கணினி நிரலை எழுதியவள் அவளே. முழுக் கோப்பைத் திறந்து அப்பாவைத் தேடினாள். இருந்தார். அவரை நீக்கியது அவளுடைய நிரல்தான்.

"இசாயா, ஒரு மடத்தனம் பண்ணிட்டேன்."

அடுத்த மேசைக்காரன் திரும்பினான். "எங்க ஆபீஸ் மேதாவியா? சொல்லு, சொல்லு, காது குளிரக் கேக்கறேன்."

"ஒரே பேரு, ஒரே ஊருன்னு வந்தா ஒரே ஆள் ரெண்டு வாட்டி பதிஞ்சதா நினைச்சு, ஒண்ணை மட்டும் வச்சுக்கச் சொல்லிட்டேன்."

இசாயா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "அடிப்பாவி! எங்க குடும்பத் தலைவர் பட்டத்துக்கே எங்க ஊர்ல ஏழு பேர் இருக்காங்க. நீ சமோவாக்காரிதானா?"

அவளுக்கு அழுகை முட்டியது. போன ஆண்டு ஒரே நாளில் அப்பாவுக்கும் அவருடைய பங்காளிகள் இருவருக்கும் லெவாவேகா என்ற குடும்பத் தலைவர் பட்டத்தைச் சூட்டியபோது, சீர்ப் பாய் சுமந்து முன்னால் ஆடிக்கொண்டு போனவளே அவள்தான். பட்டமே பெயராகிவிட்டபின் ஒரு மனிதரின் பழைய பெயரை எழுத எந்த நர்ஸுக்கும் கை வராது. இது அவளுக்குத் தெரியாததா? ஆனால் திரை முன்னால் உட்கார்ந்ததும், எங்கோ எவரோ எழுதிய நிரல் பாடத்தைப் பார்த்து, ஒரு பெயருக்கு ஓர் ஆள் என்றே நினைத்துவிட்டாள்.

பிறந்த ஆண்டையும் சேர்த்து ஒப்பிடும்படி திருத்தி ஓட்டினாள். மூன்று லெவாவேகாக்களும் எழுந்து வந்தார்கள். ஒருவர் ஒன்பதில். இன்னொருவர் இருபத்திரண்டில். அப்பா நாற்பத்தொன்றில்.

நாற்பதில் இருந்தது ஃபியாவே என்ற ஒரு கிழவி. இருவருக்கும் பார்வை அளவு ஒன்றேதான். அளவு ஒன்றாக வந்தால் முதலில் பதிந்தவர் மேலே என்று போன வாரமே எழுதி வைத்திருந்தாள். அதற்குப் பதிலாக வயதில் மூத்தவர் மேலே என்று மாற்றினால் அப்பா ஏறிவிடுவார், கிழவியைவிட இரண்டு வயது பெரியவர். மருத்துவர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வயதுக்கு முதலிடம் கொடுத்தார்கள் என்றால் எவர் குறை சொல்லப்போகிறார்கள்? போன மாதம் அப்பா அவள் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு, எத்தனை பல் என்று தடவி எண்ணிக்கொண்டிருந்தார். நிரலில் 'வயது' என்ற சொல்லைத் தட்டினாள். பட்டியல் மாறியது. அப்பா நாற்பது.

பின்னால் இசாயாவின் நாற்காலி கிறீச்சிட்டது. சட்டென்று அழித்துவிட்டாள். நல்ல மனசினால் ஒன்றுமில்லை, பயத்தினால். இசாயா தேநீர் எடுக்கத்தான் எழுந்திருந்தான். அவன் போனபிறகும் அவள் விரல்கள் அந்தச் சொல்லின் பக்கம் இரண்டு தடவை போய் வந்தன. பதினொன்று ஐம்பதுக்கு, கண்ணை மூடிக்கொண்டு, அப்பா நாற்பத்தொன்றிலேயே இருக்க, வானொலிக்கு அனுப்பித் தொலைத்தாள்.

அப்பாவிடம் தானே முதலில் சொல்லிவிட நினைத்து அழைத்தாள். வேறு எவருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடியும் அப்படியே. அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெயரும் ஊரும் மட்டும். பிறந்த ஆண்டு முதலான மற்றதையெல்லாம் அவள்தான் வெட்டி அனுப்பியிருந்தாள். "சலெவாய், லெவாவேகா" என்றது வானொலி, ஒன்பதாவதாக. கைப்பேசி அடித்தது.

"கேட்டியாம்மா? வந்துட்டேன்!" அப்பாவுக்குப் பின்னால் வீடே கத்திக்கொண்டிருந்தது. எவரோ பிஸ்கட் டின்னைத் தட்டினார்கள். "நீ ஒண்ணும் உள்ள புகுந்து வேலை பண்ணலையே? அப்படின்னா எனக்கு வேண்டாம், ஆமா."

"இல்லப்பா. அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"இரு, இரு. பங்காளிங்க ரெண்டு பேரும் பதிஞ்சிருக்காங்கல்ல."

சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. இருபத்திரண்டாவதாக மறுபடி அந்தப் பெயர் வந்தது. அங்கே இன்னொரு கூச்சல்.

"பாத்தியா! இன்னும் ஒருத்தன்தான். அவனும் வந்துட்டா மூணு பேரும் ஒரே படகுல வந்துடுவோம்." பிறகு வாயைத் திருப்பி அதட்டினார். "ஏய், சும்மா இருங்கடா. அவன் பாவம், வருதா இல்லையான்னு கேக்க விடுங்க."

வீடு அடங்கியது. ஒரே குரல் மேசை வானொலியில் ஒரு தடவையும், அப்பாவின் மூச்சோடு சேர்ந்து அவள் காதில் ஒரு தடவையும் ஒலித்துக்கொண்டிருந்தது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. வாசிப்பவர் ஒரு கணம் நிறுத்தித் தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.