சலவைக் கடைக்குள் ஓர் ஆரஞ்சுத் தோல்

அண்ணி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். நாத்தனார் ஆரம்பித்து வைத்தது, பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள் வரை தொற்றிக்கொண்டது. அங்கே அடுப்பு அவள் பொறுப்பு. ரொட்டி வெந்துவிட்டதா என்று அவள் கடிகாரத்தைப் பார்த்ததே கிடையாது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். திடீரென்று மூக்கைச் சுருக்கி, "எடுங்க, எடுங்க" என்பாள். எடுத்தால் பொன்னிறமாக இருக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, இருமல் நின்றது, வாசனை மட்டும் திரும்பவில்லை. "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். "இதைச் சொல்றதுக்கு அவருக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் வேற" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பார்க்க வந்தவர்கள், "மூக்குதானே போச்சு, கண்ணு போகலையே" என்று ஆறுதல் சொன்னார்கள். அண்ணியும் தலையை ஆட்டி வைத்தாள். சாப்பாடு ஈரக் காகிதம் மாதிரி இருந்ததை எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

நாத்தனாருக்கு அண்ணன் வைத்த பெயர் ரேடியோ. முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர்கள் ரகசியத்தையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போவார்கள். நகரத்தில் பெயர்ப் பலகை இல்லாத பார்கள், கதவு எங்கே இருக்கிறதென்றே தெரியாத பார்கள் இருப்பது அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. எங்கே ரகசியக் கதவு இருந்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒருநாள் அண்ணியையும் கூட வரச் சொல்லி நச்சரித்தாள்.

"நான் குடிக்க மாட்டேனே" என்றாள் அண்ணி.

"யாரு குடிக்கச் சொன்னா? போதை இல்லாததும் கலக்கித் தருவாங்க. நீங்க கதவைப் பாக்க வாங்க அண்ணி. ஒவ்வொண்ணும் ஒரு அதிசயம்."

"போய்ட்டு வா" என்றார் வீட்டுக்காரர். "ஆனா என் தங்கச்சி இடதுபக்கம்னு சொன்னா வலதுபக்கம் திரும்பு."

முதலில் போனது ஒரு பூக்கடை. வாளி வாளியாகப் பூ அடுக்கிய குளிர் அறைக்குள் நுழைந்து, பின்சுவரைத் தள்ளினால் பார். ரேடியோ நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, என்ன வாசனை அண்ணி, அப்படியே ஆளைத் தூக்கு..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணி காதில் விழாதது போல நடந்தாள். உள்ளே கூரையிலிருந்து கொடிகள் தொங்கின, விளக்குகள் பச்சையாக எரிந்தன. அழகாகத்தான் இருந்தது. கையில் கொடுத்த பானம் ஜில்லென்று இருந்தது, இனித்தது, அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு குடித்து முடித்தாள்.

"வீட்டுக்குப் போகலாமே."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கதவை மட்டும் பாத்துட்டுப் போயிடலாம்" என்று ரேடியோ கையைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்தது சலவைக் கடை. நிஜமான சலவைக் கடையேதான். இயந்திரங்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தது, ஒருவர் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "என்ன துணி?"

"மழையில நனைஞ்ச கோட்டு" என்றாள் ரேடியோ, பாடம் ஒப்பிப்பதுபோல.

"எத்தனை பட்டன்?"

ரேடியோ திருதிருவென்று விழித்தாள். அந்தக் கேள்வியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணிதான் முந்திக்கொண்டாள். "ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் அறுந்து போச்சு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பட்டன் சும்மா கேட்டதுங்க. போங்க, கடைசி மிஷின்."

கடைசி இயந்திரம் ஆள் உயரம் இருந்தது. 'பழுது' என்று அட்டை தொங்கியது. வட்டக் கதவைத் திறந்து, குனிந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி உள்ளே காலை வைத்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். சுவர் முழுக்கப் பாட்டில்கள், தேன் நிறத்தில், மாதுளை நிறத்தில், பாசி நிறத்தில். அவற்றுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் சக்கர ஏணியில் ஏறி எங்கேயோ உச்சியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பானம் கலக்கும் மேடைக்குப் பின்னால் பார்டெண்டர், தலையணை அளவு பனிக்கட்டியைக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பனிக்கட்டிக்குள் ஒரு குமிழிகூட இல்லை. இவ்வளவையும் மறைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய சட்டையோ சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. அண்ணிக்கு உரக்க மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

"என்ன மாதிரி வேணும் மேடம்?"

"எனக்கு வாசனை தெரியாதுங்க" என்றாள். வெளியாளிடம் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. "எதைக் கொடுத்தாலும் வீண்தான்."

அவர் பரிதாபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "அப்போ வாயில படபடன்னு வெடிக்கிற மாதிரி, தொண்டையில சுடுற மாதிரி ஒண்ணு பண்றேன்." இஞ்சிச் சாறு, நொறுக்கிய பனி, சோடா, விளிம்பில் உப்பு. குடித்ததும் அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. நாக்குக்கு வேலை கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

அது நடந்தது அப்போதுதான். பக்கத்து நாற்காலிக்காரருக்காக பார்டெண்டர் ஆரஞ்சுத் தோலைச் சீவி, தீக்குச்சியைக் கொளுத்தி, சுடருக்கு மேலே தோலைப் பிழிந்தார். குபுக்கென்று ஒரு பொறி பறந்தது. அண்ணி கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு பார்டெண்டரிடம், "அதை... இன்னொரு தடவை செய்ய முடியுமா?"

செய்தார். ஒன்றுமில்லை. பிரமைதான் என்று மனம் சோர்ந்துவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள், குரல் அவளுடையது மாதிரியே இல்லை. மறுபடி தீக்குச்சி, மறுபடி பொறி. வந்தது. சுட்ட ஆரஞ்சு, லேசான கசப்போடு, நேராக மூக்குக்குள், நெற்றிவரைக்கும். அண்ணி மேடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வருது" என்றாள். "வருதுடி!"

ரேடியோ அண்ணியின் தோளைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். பார்டெண்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் சின்னச் சின்னக் கிண்ணங்களை அண்ணி முன்னால் வைக்க ஆரம்பித்தார். கிராம்பு வந்தது, எங்கேயோ அடுத்த அறையிலிருந்து வருவதுபோல. புதினா குளிர்ச்சியாக மட்டும் வந்தது. காப்பிக்கொட்டை வரவேயில்லை. எத்தனை முறை முகர்ந்தாலும் வனிலாவும் வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் தன் தம்ளரை நீட்டி, "இதையும் பாருங்க" என்றார். மர வாசனை, புகை வாசனை. ஏணியில் நின்ற பெண் மேலேயிருந்தே, "ஏலக்காய் குடுத்துப் பாருங்க!" என்று குரல் கொடுத்தாள். யாரென்றே தெரியாத மனிதர்கள் தன் மூக்கை இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள் என்று அண்ணி கனவிலும் நினைத்ததில்லை. ஏலக்காய் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுததில் மூக்கடைத்து, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

வெளியே வந்தபோது தெருவில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. சலவைக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தது. அண்ணி அதன் முன்னால் போய் நின்றாள்.

"அய்யே, நாத்தம் குடலைப் புடுங்குது. வாங்க அண்ணி!"

"இரு" என்று அண்ணி போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "ஏங்க, குப்பை நாறுதுங்க."

"அதுக்கா போன் பண்ணே? கார்ப்பரேஷனுக்குப் பண்ணு" என்றார் அவர். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "என்ன சொன்னே?"

"அழுகின வாழைப்பழம். அப்புறம் மீன். நல்லாத் தெரியுதுங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, சாவிக்கொத்து கேட்டது. "எங்க இருக்கீங்க?" என்றார். "அங்கேயே இரு. நகராதே. நான் வரேன்."

ரேடியோ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அண்ணி பொத்திக்கொள்ளவில்லை.