சீசன் பால்

ரத்தினத்தக்காவின் பசு வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுக, இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை விட்டிருந்தது. விளக்குமாற்றோடு ஓடினேன்.

"கோமாரி வந்த மாட்ட இங்கன விடாதியன்னு எத்தன தடவக்கா சொல்லுதது?"

"தொட்டி என்ன நீ சீதனமா கொண்டாந்ததாட்டி?" என்றாள், மாட்டை இழுக்காமல்.

என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே தொழுவத்தின் நடுவில் சுவர் வைத்து, ஆளுக்கு ஒரு பசு கட்டியிருக்கிறோம். தடுப்பூசி போட வந்தவர்களிடம் மாட்டை விற்றாச்சு என்று கூசாமல் சொன்னவள் இவள். அப்போது பசு தென்னந்தோப்புக்குள் ஒளிந்து நின்றது. ஊசி போட்டால் நாலைந்து நாள் பால் குறையும். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, டீக்கடைகள் பாலுக்குப் பறக்கிற நேரம். நானும் அதே சீசனை நம்பித்தான் இருக்கிறேன். ஆனாலும் ஊசி போட்டேன். என் கன்றுக்குத்தான் ஊசி போடும் வயது வரவில்லை. பெண் கன்று. வளர்ந்தால் எனக்கு இரண்டாவது பசு.

அவள் மாட்டைப் பார்க்க வந்த டாக்டர் என் பக்கமும் எட்டிப் பார்த்தார். "கன்னுக்கு வந்தா பிழைக்கது கஷ்டம்மா. இன்னைக்கே வேற எங்கயாவது கொண்டு போயிருங்க."

ஆய்க்குடியில் தம்பி வீடு இருக்கிறது. ஆனால் கன்று முட்டாமல் என் பசு ஒரு சொட்டுப் பால் இறக்காது. அவள் செய்த அநியாயத்துக்கு நான் ஏன் சீசனை விட வேண்டும்? கன்றைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டினேன்.

இரண்டு நாளில் அவள் பசுவுக்குப் பால் நின்றுபோனது. வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி வடிவு, குத்தாலத்துல கனி பாய் டீக்கடைக்கு ஒம் பாலத் தா. நான் கொண்டு ஊத்துதேன். வாடிக்கை போயிரும்ட்டி."

"மாட்டத்தான் வித்துட்டியளேக்கா. பிறகு ஏது பால்?"

முகம் செத்துத் திரும்பினாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானே குற்றாலத்துக்குப் பால் கொண்டு போனேன். "அவ மாட்டுக்குக் கோமாரி, பாய்" என்று கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சீசன் முடியும்வரை என்னையே ஊற்றச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கறக்கக் கன்றை அவிழ்த்தேன். எப்போதும் துள்ளி வருகிற கழுதை, அன்றைக்கு மெதுவாக வந்து காம்பை வாயில் வாங்கி, உடனே விட்டது. மறுபடி திணித்தேன். தலையை உதறிக் கத்தியது. என் புறங்கையில் எச்சில் நூலாக விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தன் பசுவின் வாயைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"என்னட்டி, கன்னு கத்துது?"

பசு கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. கன்றின் வாய் பட்ட காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டத் தொடங்கியது. வாளியை அடியில் நகர்த்தி வைத்தேன்.