நீர்யானையும் நீதிமானும்

ஆடு திருடியவனைக் காவலர்களிடம் ஒப்படைப்பதா, மன்னித்து விட்டுவிடுவதா என்று தெரியாமல் அச்சுப் பிழை திருத்தும் புரூஃப் ரீடர் முக்கால் மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தார். திருடன் வீடியோ கேமுக்குள் இருந்தான். ஆடும் அங்கேதான் மேய்ந்தது. இவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தில், சோபாவில், வியர்த்த கையில் கண்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தார்.

"பிடிச்சுக் குடுத்தா அவன் பிள்ளைங்க பட்டினி கிடக்கும்" என்றார் மனைவியிடம்.

"பிள்ளைங்களைப் பாத்தீங்களா?" என்றாள் அவள், துணி மடித்தபடி.

"இல்ல. அவனே சொன்னான்."

போன வாரம் அந்த விளையாட்டில் ஒரு கிழவியிடம் கைதவறிப் பொய்யான பதிலை அழுத்திவிட்டார். மனசு கேட்கவில்லை. மூன்று மணி நேர ஆட்டத்தை முதலிலிருந்து ஆடி, உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடவே வந்தார். விளையாட்டு ஊர்க்காரர்கள் அவருக்கு 'நீதிமான்' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள்.

"இந்த ஊர்ல நான் ஒரு பொய் சொன்னதில்ல, தெரியுமா?"

"சரி, உங்க ஆபீஸ்ல அந்த டிசைன் பண்ற பொண்ணு என்ன ஆனா?"

நீதிமான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

அவர் வேலை பார்க்கும் அச்சகம் ஒரு பள்ளியின் ஆண்டு மலரை அடித்துக் கொடுத்திருந்தது. தலைமையாசிரியர் பெயருக்கு மேலே நீர்யானையும், மிருகக்காட்சிசாலைச் சுற்றுலாப் பக்கத்தில் தலைமையாசிரியரும் வந்துவிட்டார்கள். பக்க எண்ணைத் தப்பாகப் படித்து, படங்களை மாற்றும்படி அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னவர் இவர்தான். முதலாளி கேட்டபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று வாயில் வந்துவிட்டது. பதினைந்து வருஷ ஆளின் பேச்சு எடுபட்டது. சேர்ந்து ஆறு மாதமே ஆன அந்தப் பெண்ணை விசிட்டிங் கார்டு வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டில் இவர், அந்தப் பெண் நீர்யானையை மாற்றி வைத்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தார்.

"நீங்க சொல்லாம அவளா மாத்துவாளா?" என்றாள் மனைவி.

"நான்தான் சொன்னேன்" என்று முனகினார்.

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலையில் முதலாளி அறைக் கதவு வரை மூன்று தரம் போய்த் திரும்பினார். நாலாவது தரம் உள்ளே நுழைந்ததும், ஒத்திகை பார்த்து வைத்திருந்த உருக்கமான பேச்சு அத்தனையும் மறந்துபோயிற்று.

"நீர்யானை நான்தான் சார்" என்றார்.

விளக்கிச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்களை நம்பி அந்தப் பொண்ண என்னெல்லாம் பேசிட்டேன்."

அவளிடம் முதலாளியே போய் வருத்தம் தெரிவித்தார். அவளுடைய பழைய வேலையும் திரும்பக் கிடைத்தது. பள்ளியிலிருந்து திரும்பி வந்த எண்ணூறு பிரதிகளிலும் சரியான படத்தை ஒட்டுவது புரூஃப் ரீடர் தலையில் விழுந்தது. தலைமையாசிரியரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்பதும் அவர் பொறுப்புதான்.

மத்தியானம் அந்தப் பெண் அவர் ஒட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றார்.

"நாலு நாளா, நான்தான் போன்ல தப்பா கேட்டுட்டேனோன்னு நினைச்சிட்டிருந்தேன் சார்."

'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர் வெட்கமில்லாமல் காத்திருந்தார். அவள் அவர் ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கோணலா ஒட்டியிருக்கீங்க. ஸ்கேல் வெச்சு ஒட்டுங்க."

தன் மேஜையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போனாள்.