எழுபது பெரிதா, பத்து புள்ளி ஒன்பது பெரிதா

1

அன்று கடையில் இருந்தவர்கள் நால்வர்: கரடியனாற்று வினாயகமூர்த்தி, என் மனைவி ஆமினா உம்மா, எதிர்க்கடை ஸியாம், நான். பார்த்ததாகச் சொல்லும் மற்றவர்கள் எல்லாரும் பிறகு வந்தவர்கள்.

இந்தக் கதை என் பொறாமையில் பிறந்தது. அதை முதல் வரியிலேயே எழுத நினைத்தேன். இவ்வளவு தூரம் தள்ளிவிட்டது.

முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன்: "ஏறாவூரில் ஐம்பத்திரண்டு வருடமாக இரும்புச்சாமான் விற்கும் எங்கள் குடும்பத்தின் பெயர்—" வாசித்துப் பார்த்தால் கடைப் பெயர்ப்பலகை போல இருந்தது. நிறுத்திவிட்டேன்.

2

ஸியாம் என் தங்கை பர்ஸானாவின் மகன். கட்டாரில் ஒன்பது வருடம் இரும்புக் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து, என் கடைக்கு நேரெதிரே கடை போட்டான். முதல் பிரதியில் அவனுக்கு ஒரு தங்கநிறக் கைக்கடிகாரமும் உரத்த சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டும் அவனிடம் கிடையாது. வாசகர் அவனை வெறுக்க ஏதாவது வேண்டுமே என்று சேர்த்தவை. நீக்கிவிட்டேன். (இப்போது எஞ்சியிருப்பது அவன் போல்ட் விற்கும் முறை மட்டும்.)

எங்கள் கடையில் நீளமும் தடிப்பும் பார்த்து போல்ட்டை டப்பாவில் போடுவோம். தராசில் நிறுத்துக் கொடுப்போம். வாப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். தலையைப் பார்ப்பதில்லை. ஸியாம் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, தலையை வாங்குபவர் பக்கம் திருப்பி, அதில் பொறித்த எண்ணைக் காட்டுவான். இது வாசல் கேட்டுக்குப் போதும், இது மெசினுக்குத் தாங்காது என்பான். தேற்றாத்தீவிலிருந்துகூட ஆட்கள் வந்து அவன் முன்னால் குனிந்து நின்றார்கள். முப்பது வருடம் என்னிடம் வாங்கிய வினாயகமூர்த்தியும் குனிந்தார். என் மனைவி தையல் மெசினுக்கு ஒரு ஸ்குரூ ஆணி வாங்க அங்கே ஆள் அனுப்பினாள். கேட்டதற்கு, "அவன் பார்த்துத் தாறான்" என்றாள்.

3

அறுவடை நேரம். வினாயகமூர்த்தியின் நெல் வெட்டும் மெசினில், முன்னாலுள்ள வெட்டும் பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஆறும் தேய்ந்துவிட்டன. ஸியாமிடம் நான்குதான் இருந்தன. மீதி நாளை வரும், அதுவரை மெசினை ஓட்ட வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். வயல்வட்டையிலோ நெல் சாய்ந்து கிடந்தது. அவர் அந்த நான்கையும் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து என்னிடம் வந்தார்.

"பத்து புள்ளி ஒன்பது எண்டு தலையில போட்டிருக்க வேணுமாம், ஹாஜியார். உங்களிட்ட இரிக்கா?"

அன்றுதான் முதல் தடவையாக ஒரு போல்ட்டின் தலையைப் பார்த்தேன். துருப்பிடிக்காத வகை, பளபளப்பானது. A2-70 என்று இருந்தது.

"அங்க பத்துச் சொச்சம். இங்க எழுபது. எது பெரிசு?"

அவர் சிரித்துவிட்டு இரண்டு வாங்கிப் போனார். அன்று பகல் முழுக்க நான் எதிர்க்கடையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

[குறிப்பு. பத்து புள்ளி ஒன்பதில் முதல் எண்ணை நூறால் பெருக்க வேண்டும். இழுவிசை ஆயிரம் மெகாபாஸ்கல் வந்தால்தான் அது அறும். புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்பது, அதில் பத்தில் ஒன்பது பங்குவரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதற்கு. எழுபதைப் பத்தால்தான் பெருக்க வேண்டும்: எழுநூறு. இது என் கடையில் ஆணியில் தொங்கிய விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது.]

4

மூன்றாம் நாள் என் இரண்டு போல்ட்டுகளும் அறுந்தன. வெட்டும் பகுதி ஒருபக்கம் இறங்கி, அடைத்த வைக்கோலை இழுக்கக் குனிந்த மதுஷனின் பாதத்தில் விழுந்தது. மதுஷன் வினாயகமூர்த்தியின் மருமகன். எலும்பு முறிந்துவிட்டது.

வினாயகமூர்த்தி அறுந்த தலையொன்றைச் சட்டைப்பையில் கொண்டுவந்தார். ஆறும் கிரீஸில் ஊறிக் கிடந்ததால் எந்தக் கடைச் சாமான் அறுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஸியாமையும் கூப்பிட்டு, தலையை என் மேசைமேல் வைத்தார்.

ஸியாம் குனிந்து பார்த்தான். துருப்பிடிக்காத போல்ட் அவன் விற்பதில்லை, பார்த்ததுமே தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டேன். துணியால் துடைத்தேன். எழுபது தெளிவாக இருந்தது.

"எழுத்து அழிஞ்சிட்டு."

"அப்ப சரி மாமா" என்றுவிட்டு அவன் தெருவைக் கடந்து போனான். நான் தலையை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். வினாயகமூர்த்தி போனதும் ஆமினா உம்மா சொன்னாள்:

"வாசிச்ச தானே நீங்க."

5

எண் காட்டி விற்பவன் ஸியாம் ஒருவன்தான் என்பதால், அழிந்த எழுத்தும் அவனுடையதாகிவிட்டது. அவன் பொய் எண் அடித்த போல்ட்டைக் கட்டாரிலிருந்து கொண்டுவந்து விற்கிறான் என்று மறுநாளே ஊர் பேசியது. அவன் முன்னால் குனிபவர்கள் குறைந்தார்கள். எனக்கு அது இனித்தது. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதிய அனைத்தும் வீண்.

இனிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவன் சண்டைக்கு வந்திருந்தால் வென்றிருப்பேன். அவன் வாய் திறக்கவே இல்லை. தன் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். குடும்பத்தின் மானத்தைக் காப்பவன் நான் என்றுதான் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தேன். அந்த வேலையையும் அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஸியாம் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறான். (சொல்லமாட்டான். அவனை நான் இப்போது அறிவேன்.)

நான் அந்தத் தலையை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போகிறேன். தோணியில் இருந்த இருவர் சலாம் சொல்ல, நானும் கையை—

மூன்றாவது, முடிவை வாசகரிடமே விட்டுவிடுவது. இப்படிக் கதை எழுதுபவர்கள் அதைத்தான் செய்வார்களாம். எங்கள் குடும்பக் காரியத்தைப் பிறரிடம் தீர்ப்புக்கு விட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே முடிவு எழுதவில்லை. ஊரில் ஓடும் பேச்சுக்கு ஒரு திருத்தம் மட்டும் எழுதுகிறேன். மதுஷனின் காலை முறித்த போல்ட் ஸியாமின் கடையில் வாங்கியது என்கிறார்கள். இல்லை. என் கடையில் வாங்கியது. நானே எடுத்துக் கொடுத்தது. அது போலியும் அல்ல. அதன் தலையிலிருந்த எழுத்து அழியவும் இல்லை.